கூடாரத்தில் படுப்பவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டும்

கோர்சிகா பிராந்திய இயற்கைப் பூங்காவின் ஆட்சிக் குழுவினருக்கும் கோர்சிகா பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மத்தியதரைக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவில், வடக்கே கலென்சானாவில் தொடங்கித் தெற்கே கொன்காவில் முடியும் ஜி.ஆர். 20 மலைப்பாதையில் நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை விட்சாவோனா வரையிலான வடபாதியோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் முறை என் தங்கை மகனோடு வந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டரையும் முழுமையாக நடந்து முடித்தேன். இம்மடலின் பிரெஞ்சு வடிவம் தபாலில் உங்களை வந்து சேரும். அதையே தமிழிலும் பொதுவில் வைப்பதற்குக் காரணம், பிரான்சில் வாழும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது முதுகில் பை சுமந்து இப்பாதைக்கு வருகிறார்கள், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்கும் இந்தச் செய்தி புரிய வேண்டும் என்பதுதான்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பாதையிலுள்ள ஒவ்வொரு தங்குகுடிலின் அருகிலும், அன்றிரவு கூடாரங்களில் படுத்திருக்கும் அத்தனை பேரும் புயல் வந்தால் உள்ளே வந்து உட்காரும் அளவுக்குக் கற்சுவரும் உறுதியான கூரையும் கொண்ட ஓர் ஒதுங்கு கூடம் வேண்டும். கட்டில் வேண்டாம், மெத்தை வேண்டாம், சமையலறை வேண்டாம். சுவரும் கூரையும் பூட்டில்லாத கதவும் போதும்.

இதைக் கேட்கும் உரிமை நடைபயணிகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்மலைகளில் நினைத்த இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை. குடில்களைச் சுற்றி ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். அந்த விதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். கோடையில் ஒரு தீப்பொறி போதும் ஒரு பள்ளத்தாக்கே கருகிப்போக. நீனு ஏரிக்கரையின் பசும்புல் திட்டுகளில் நூறு கூடாரங்கள் முளைத்தால் இரண்டு கோடைக்குள் அங்கே புல் இருக்காது. ஆனால் அந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. விதி இல்லாவிட்டால், வானம் கறுப்பதைப் பார்த்த நடைபயணி தாழ்வான இடம் தேடி இறங்கியிருப்பார், பாறை இடுக்கு ஒன்றில் ஒதுங்கியிருப்பார், முந்தின பள்ளத்தாக்கிலேயே தங்கியிருப்பார். இங்கேதான் படுக்க வேண்டும் என்று இடத்தைக் காட்டி, அதற்குக் கட்டணமும் வாங்கிய பிறகு, அந்த இடத்தில் அவர் உயிருக்கு ஒரு காப்பு இருக்க வேண்டும் என்பதும் விதியைப் போட்டவரின் பொறுப்பாகிவிடுகிறது.

குடில்களின் நிலையை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பூங்கா 1972இல் உருவானது. இன்று நிற்கும் குடில்களில் பல, பாதையில் நடப்போர் எண்ணிக்கை இந்த அளவுக்கு வளரும் என்று யாரும் எண்ணியிராத காலத்துக் கணக்கில் எழுந்தவை. ஒரு குடிலில் ஏறத்தாழ முப்பது பேர் படுக்கலாம், சிலவற்றில் அதற்கும் குறைவு. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் குடிலைச் சுற்றி எழும் கூடாரங்களில் இருப்போர் உள்ளே படுப்போரைவிட மிக அதிகம். மலையேறிகளின் தங்கலில் பெரும்பகுதி இன்று துணிக்கூரையின் கீழ்தான் நடக்கிறது. குடில் என்ற சொல்லைக் கேட்கும்போது நம் மனத்தில் எழும் கற்கட்டடம், அங்கே இரவைக் கழிப்போரில் சிறுபான்மையினருக்கே உரியதாகிவிட்டது.

அந்தத் துணிக்கூரைகள் நிற்கும் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். பாதையின் குடில்களிலேயே உயரமானது சோத்துலு தி இ மோரி. கடல் மட்டத்திலிருந்து 1991 மீட்டரில், பாலியா ஓர்பா சிகரத்தின் காலடியில், ஒரு மரம்கூட இல்லாத திறந்த சரிவில் இருக்கிறது. 1842 மீட்டரில் இருக்கும் பெத்ரா பியானாவும் அப்படித்தான். மரமில்லாத இந்த உயரங்களில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மின்னலுக்கோ கூடாரக் கம்பியே மேடான பொருளாகிவிடுகிறது. கரோட்சுவிலும் பாலிரியிலும் கதை வேறு. அங்கே கூடாரங்கள் பைன் மரங்களின் அடியில் நிற்கின்றன. வெயிலுக்கு அந்த நிழல் எவ்வளவு இதமோ, பெருங்காற்று அடிக்கும்போது அதே மரங்கள் அவ்வளவு ஆபத்து. இரண்டு வகை இடத்திலும் தரை ஒன்றுதான்: கருங்கல் பாறைமேல் நான்கு விரல் மண். கூடார முளை அதில் இறங்காது. முன்னே வந்தவர்கள் வட்டமாக அடுக்கிவைத்துப் போன கற்களில்தான் எல்லோரும் கயிற்றைக் கட்டுகிறார்கள்.

நானும் என் தங்கை மகனும் அப்படித்தான் கட்டியிருந்தோம். ஆகஸ்ட் கடைசி வாரம், மரங்கள் வளரும் உயரத்துக்கு மேலே இருக்கும் ஒரு குடில். மாலையில் மேற்கே கடலின் மேல் மேகம் திரண்டு நின்றது; குடிலைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் அதைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரிடமும் காலணியைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அது மழைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இருட்டில் தேடாமல் காலணி மாட்டிக்கொண்டு ஓடிவர வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறார் என்பது நள்ளிரவுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் காற்றிலேயே பக்கத்துக் கூடாரம் கட்டியிருந்த கல்லோடு இழுபட்டுப்போன ஓசை கேட்டது. பையன் எழுந்து உட்கார்ந்து, “பெரியம்மா, துணி என் முகத்தில் அடிக்கிறது, கம்பி வளைகிறது” என்றான். நான் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் தலைவிளக்கோடு காப்பாளர் வந்து, ஒவ்வொரு கூடாரத்தையும் கையால் தட்டி, மூன்று மொழிகளில் எழுப்பி எல்லோரையும் குடிலுக்குள் போகச் சொன்னார்.

உள்ளே சாப்பாட்டு அறை ஒன்றுதான். ஒரு நீள மேசை, இரண்டு விசுப்பலகை, மூலையில் அடுப்பு. முப்பது பேர் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடக் கூடிய அறையில் நாங்கள் எண்பது பேருக்கு மேல் நின்றோம். உட்கார இடமில்லை, சுவர் ஓரத்தில் இருந்தவர்கள் சாய்ந்துகொண்டார்கள், நடுவில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். நனைந்த கம்பளிக் காலுறைகளின் நெடி, அடுப்புப் புகை, யாரோ ஒருவரின் பையிலிருந்து மேய்ப்பரிடம் வாங்கிய பாலாடைக்கட்டியின் புளித்த வாசனை, எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டியது. குழந்தைகள் இருவரை மேசைமேல் படுக்கவைத்து நாலைந்து மேலங்கிகளைப் போர்த்தினார்கள். காப்பாளர் கதவருகே நின்று தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணியபோது கணக்கில் ஒருவர் குறைவதைக் கண்டுபிடித்து, யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல் மீண்டும் வெளியே போனார். சன்னல் வழியே அவருடைய விளக்கு சரிவில் மேலும் கீழும் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கால்மணி நேரம் இருக்கும். ஒரு முதியவரைத் தோளில் தாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முழுக்க முழுக்கக் காரணம் அந்த ஒரு மனிதர். அவர் மேகத்தைப் படித்தார், எண்ணிக்கையை மனத்தில் வைத்திருந்தார், கதவைத் திறந்துவிட்டார். இந்த மடலில் எந்தக் காப்பாளர் மீதும் எனக்குக் குறை இல்லை; கோடை முழுவதும் தண்ணீர்க் குழாய், கழிவறை, எரிவாயு உருளை, சமையல், முதலுதவி, முன்பதிவுத் தகராறு அத்தனையையும் தாங்கிக்கொண்டு மலைமேல் இருப்பவர்கள் அவர்கள். நான் கேட்பது அவர்களுக்காகவும்தான். எண்பது உயிர்களையும் முப்பது பேருக்கான அறையையும் ஒரு தனி மனிதரின் கூர்மையை நம்பி ஒப்படைத்துவிட்டு, கீழே நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

2022 ஆகஸ்ட் 18ஆம் நாள் காலையை கோர்சிகாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கத்தை மிஞ்சிச் சூடேறியிருந்த கடலின் மேல் திரண்ட இடிப்புயல் தீவின் மேற்குக் கரையில் மோதியபோது, மரிஞ்ஞானாவில் காற்றின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டிப் பதிவானது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கூடாரத் திடலில் மரம் விழுந்து இறந்தாள். கால்வி அருகே இன்னொரு கூடாரத் திடலிலும் மரம் விழுந்தே ஒருவர் இறந்தார். புயல் வரும் என்று தெரிந்ததற்கும் வந்ததற்கும் இடையில் மக்கள் எழுந்து ஓட நேரமில்லை.

அன்று மாலை அரசு செய்த ஒரு காரியத்தைத்தான் இந்த மடலின் ஆதாரமாக வைக்கிறேன். மீண்டும் இடிமழை வரலாம் என்ற எச்சரிக்கையின் பேரில், கடற்கரைப் பகுதிகளில் கூடாரங்களில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கானோரைச் சுவர் வைத்த கட்டடங்களுக்கு மாற்றி அந்த இரவைக் கழிக்க வைத்தார்கள். சரியான முடிவு. துணிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கல்லுக்குப் பின்னால் கொண்டுபோவதுதான் அந்த நேரத்தில் செய்யத்தக்கது என்று அரசே ஒப்புக்கொண்ட இரவு அது. ஆனால் கடற்கரையில் பள்ளிக்கூடமும் ஊர்க்கூடமும் இருந்தன. மலைமேல், சோத்துலு, உஷோலு, பிராத்தி குடில்களின் அருகே, எந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது? அங்கே அதே ஆணை பிறந்தால் எத்தனை பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு இன்றைக்கு விடை இல்லை.

அதற்கும் முன்னால் 2015 ஜூன் 10ஆம் நாள், கனமழையில் பாறைச்சரிவு ஏற்பட்டு, இப்பாதை அப்போது கடந்து சென்ற, ‘சிர்க் த லா சொலித்யூத்’ (தனிமைவளைவு) என்னும் செங்குத்துப் பள்ளத்தில் ஏழு நடைபயணிகள் இறந்தார்கள். அதன் பின் அவ்வழி மூடப்பட்டு, பாதை சின்தோ மலைப் பக்கம் திருப்பப்பட்டது. மூடியது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் புதிய வழி 2600 மீட்டரைத் தாண்டி ஏறுகிறது. முழுப் பாதையிலும் அதுவே இப்போது மிக உயரமான இடம். அஸ்கோவிலிருந்து தீக்யெத்து குடிலுக்குப் போய்ச் சேர எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிறது; இடையில் ஒதுங்க ஒரு கூரை இல்லை. காலையில் தெளிவாக இருக்கும் வானம் பிற்பகலில் இடியாக மாறுவது இம்மலைகளின் இயல்பு. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் 2706 மீட்டர் உயர்ந்து நிற்கும் சின்தோ, கீழே சூடான கடலிலிருந்து எழும் ஈரத்தை எல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்கிறது. மெதுவாக நடக்கும் ஒருவர் அந்நேரம் மேட்டில்தான் இருப்பார். எனவே குடில்களின் அருகே நான் கேட்கும் கூடங்களோடு, இந்த ஒரு கட்டத்தில் மட்டும், மேட்டுக்குச் சற்றுக் கீழே பத்துப்பேர் குனிந்து உட்காரக் கூடிய ஒரு சிறு கல்லறை போன்ற... இல்லை, அந்தச் சொல் வேண்டாம். ஒரு சிறு கல்மனையைக் கட்டுங்கள். இடத்தை எங்கே வைப்பது என்பதை மலைமீட்புப் படையினர்தான் சொல்ல வேண்டும். எந்தச் சரிவில் பனி சறுக்குகிறது, எங்கே கல் உருள்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக் கேட்டால் எழக்கூடிய மறுப்புகளை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. முதலில் செலவு. மலைமேல் ஒரு சிமென்ட் மூட்டையைக் கொண்டுபோகக்கூட ஹெலிகாப்டரோ கோவேறு கழுதையோ வேண்டும் என்பதும், அசினாவு, ஓர்த்து தி உ பியோபு ஆகிய குடில்கள் தீயில் எரிந்துபோன பிறகு அங்கே வரும் நடைபயணிகளுக்கு வழிசெய்வதே பெரும்பாடாக இருந்தது என்பதும் தெரியும். ஆனால் இத்தீவின் மேய்ப்பர்கள் நூற்றாண்டுகளாக எதைக் கொண்டு கட்டினார்கள்? காலடியில் கிடந்த கல்லைக் கொண்டு. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய, குனிந்துதான் நுழைய வேண்டிய அந்தத் தாழ்ந்த மனைகளில் ஆட்டுக்காரர்கள் கோடை முழுவதும் இருந்திருக்கிறார்கள். வக்காக்யா போன்ற இடங்களில் இன்றும் பாலைக் காய்ச்சிப் புரோச்சு என்னும் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். கைவிடப்பட்ட மேய்ப்பர் மனைகள் பாதையோரம் எத்தனையோ கூரை இழந்து நிற்கின்றன. குடிலுக்கு அருகில் அப்படிப்பட்ட மனை இருந்தால், அதன் சுவரைச் செப்பனிட்டுக் கூரை வேய்வதே நான் கேட்கும் கூடத்துக்குப் போதும். இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டும்போதும் அதே கல், அதே தாழ்ந்த உருவம், காற்றுக்கு முதுகு காட்டிய வாசல் என்று கட்டலாம். உள்ளூர்க் கல்தச்சர்களுக்கு அது வேலையுமாகும். மலையின் அழகு கெட்டுவிடும் என்ற மறுப்புக்கும் இதுவே என் பதில். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பாறை எது, மனை எது என்று தெரியாதபடிக் கட்டத் தெரிந்தவர்கள் உங்கள் தீவில் இருக்கிறார்கள்.

கூடம் இருந்தால் அதையே இலவச விடுதியாக்கிக்கொள்வார்கள் என்று சிலர் சொல்லக் கூடும். அதனால்தான் கட்டிலும் மெத்தையும் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். சுவரை ஒட்டிக் கல்திண்ணை மட்டும் இருக்கட்டும். நல்ல வானிலையில் அந்தக் கடினமான திண்ணையில் இரவு முழுவதும் படுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குடில்களின் மெத்தைகளில் மூட்டைப்பூச்சி படாத பாடு படுத்துகிறது என்பது இப்பாதையில் நடக்கும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உள்ளே இடம் இருந்தும் கூடாரத்தைத் தேடிப் போவோர் பலர் அதற்குப் பயந்தே போகிறார்கள். மரமும் துணியும் இல்லாத வெறுங்கல் கூடத்தில் பூச்சி குடியேற வாய்ப்புக் குறைவு. புயல் இரவில் எண்பது பேரும் அவர்களுடைய பைகளும் படுக்கையறைக்குள் புகுந்து பூச்சியைத் தீவெங்கும் சுமந்துபோகவும் வேண்டியிராது.

கட்டுமானத்துக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத, காசு செலவில்லாத ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குடிலின் கதவிலும், கோர்சிக்க மொழியிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், கெட்டியான பலகையில் இப்படி எழுதி மாட்டுங்கள்: “இடியும் பெருங்காற்றும் வரும் நேரத்தில், முன்பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாராக இருந்தாலும் உள்ளே வரலாம்.” நடைமுறையில் காப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். நானே அதைக் கண்டவள். ஆனால் இருட்டில், அயல்மொழிக்காரராக, கையில் பதிவுச்சீட்டு இல்லாமல் கூடாரத்துக்குள் நடுங்கிக்கொண்டு இருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. கதவைத் தட்டலாமா, திட்டுவார்களோ என்று தயங்கிக்கொண்டே இருப்பான். அன்று என் பையனும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்: “நாம் உள்ளே போகலாமா? நமக்குக் கட்டில் பதிவு இல்லையே?” காப்பாளர் வந்து தட்டாமல் இருந்திருந்தால், அந்தத் தயக்கத்தில் இன்னும் எவ்வளவு நேரம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்போமோ தெரியவில்லை.

கூடவே, மாலையில் பதிவு பார்க்கும்போது கூடாரத்தில் படுப்போரின் தலைக்கணக்கையும் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இத்தனை பேர், வெளியே இத்தனை பேர் என்று. காப்பாளருக்கு இரவில் ஏதாவது நேர்ந்தாலும், அங்கே இருப்பவர்களில் யாராவது ஒருவர் எண்ணிப் பார்க்க முடியும்.

காப்பாளர்கள் இறங்கிப் போன பிறகான மாதங்களைப் பற்றி ஒரு சொல் மட்டும். அப்போதும் குடில்களில் ஒரு பகுதியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பனிக்காலத்தில் சறுக்குக் கட்டைகளோடு போவோரும் இலையுதிர்காலத்தில் தனியே நடப்போரும் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். அதற்கு நன்றி. எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

முதலில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், சோத்துலு தி இ மோரியில் என்பேன். அங்கே மரம் இல்லை, உயரம் அதிகம், சின்தோ பக்கத்திலிருந்து களைத்து வருவோரும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். அந்த ஒரு கூடம் எழுந்து இரண்டு கோடையைக் கடந்து நின்றால், மற்ற இடங்களில் எப்படிக் கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதெல்லாம் அனுபவத்திலேயே தெரிந்துவிடும். கூடாரத்துக்கு நாங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று தனியே ஒதுக்கினாலும், அதற்காகச் சிறிது கூட்டினாலும், மனமுவந்து கொடுப்போம். கல் சுமக்கக் கைகள் வேண்டும் என்று அறிவித்தால், ஜூன் தொடக்கத்தில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு நடைபயணி